பூங்காவனத்தின் கையெழுத்து

அத்தியாயம் 14

போன வாரம் குஞ்சம்மாளின் இரண்டு மாடுகளும் அனந்தபுரத்துத் தரகரின் டெம்போவில் ஏறிப் போனதைப் படித்துவிட்டு, 'அந்தப் பொம்பளையை இப்படியா படுத்துவது?' என்று என்மேல் கோபப்பட்ட வாசகிகளுக்கு ஒரு வார்த்தை. கோபத்தைக் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரமும் தேவைப்படும்.

மாடு விற்ற பணம் இப்போது அவள் புருஷன் தாண்டவராயன் வீட்டு மொட்டை மாடியில் ஆறு சோலார் பேனல்களாகத் தெற்கு பார்த்துச் சாய்ந்து நிற்கிறது. மருமகள் ஷோபனாவின் ஏசியும் கிணற்று மோட்டாரும் சேர்ந்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கரண்ட் பில்லாக வந்து பயமுறுத்தியதால் மகன் ரஞ்சித் செய்த ஏற்பாடு இது. அரசாங்க மானியம் எழுபத்தெட்டாயிரம் பேங்கில் விழுந்த மறுநாளே அம்மாவுக்கு மாடு வாங்கித் தருவதாக அவன் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்திருந்தான். தன் தலையில் இல்லை, ஷோபனாவின் தலையில்.

இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. குஞ்சம்மாள் வழக்கம்போல நாலரைக்கே எழுந்து, பால் சொம்பை எடுத்துக்கொண்டு கொட்டகை வரைக்கும் போய்விட்டாள். போன பிறகுதான் நினைவு வந்தது. சும்மா திரும்பி வர மனசு வராமல், வெறும் கொட்டகையைப் பெருக்கிவிட்டு வந்தாள். விற்று எட்டு நாளாகியும் இந்தக் கால்களுக்குச் சொன்னால் புரிய மாட்டேன் என்கிறது.

எட்டரை மணிக்கு ஷோபனாவின் போன் அடித்தது. பேசியது தௌசீஃப், பேனல் மாட்டிக் கொடுத்தவன். செஞ்சிக்குப் புதிதாக வந்து பஜாரில் கடை போட்டிருக்கிறான். வேலையில் சுத்தம். கோட்டைக் குரங்குகள் ஒயரைக் கடித்துவிடும் என்று எல்லா ஒயரையும் குழாய்க்குள் விட்டு முடுக்கிக் கொடுத்தவன்.

"ஷோபனாக்கா, நல்ல சேதி. இன்னைக்கி மூணு மணிக்கு ஈ.பி.லேர்ந்து ஏ.இ. மேடம் செக்கிங் வராங்க. அவங்க ஓகே குடுத்துட்டா மானியம் மேல போயிடும். பூங்காவனம்மாவ எங்கியும் போவாம வூட்டுலயே இருக்கச் சொல்லுங்க."

"யார?"

"அதான், உங்க மாமியார. கனெக்‌ஷன் அவங்க பேருலதான இருக்குது? பேனல் பக்கத்துல நிக்க வெச்சி ஒரு போட்டோ, பாரத்துல ஒரு கையெழுத்து. அஞ்சி நிமிச வேல."

ஷோபனா "சரி" என்று சொல்லி போனை வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான் அந்தப் பெயர் உறைத்தது.

அவள் மாமியாரின் பெயர் குஞ்சம்மாள். பூங்காவனம் இறந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது.

*

பூங்காவனம் தாண்டவராயனின் மூத்த தாரம். ரஞ்சித்தைப் பெற்றவள். அவள் அப்பா கொடுத்த மனையில், அவள் ஆசைப்பட்டபடியே வீடு கட்டி, கரண்ட் கனெக்‌ஷனையும் அவள் பெயரிலேயே வாங்கினார் தாண்டவராயன். பல்பு எரிந்த இரண்டாவது வருஷம், மஞ்சள் காமாலையில் அவள் போய்விட்டாள். ரஞ்சித்துக்கு அப்போது இரண்டு வயது.

செஞ்சிப் பக்கத்துக் குடும்பங்களுக்குப் பூவாடைக்காரியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பூவோடும் தாலியோடும் போய்ச் சேர்ந்தவள் அந்த வீட்டுக்கே சாமியாகிவிடுவாள். ஓலைப் பெட்டியில் அவளுக்குப் புதுச் சேலை, மஞ்சள், வளையல் எல்லாம் இருக்கும். எந்த நல்ல காரியமானாலும் முதல் படையல் அவளுக்குத்தான். பனமலையிலிருந்து இரண்டாம் தாரமாக வந்த குஞ்சம்மாள்கூட, அந்தப் பெட்டிக்குச் சேலை வைத்துக் கும்பிட்ட பிறகுதான் கழுத்தை நீட்டினாள். இருபத்தைந்து வருஷமாக வருஷா வருஷம் அவள்தான் படைக்கிறாள்.

தாண்டவராயன் இதற்கு மேல் ஒரு படி போனார். பூங்காவனம் 'செத்துப்போனாள்' என்ற சொல்லை வீட்டுக்குள் யாரும் சொல்லக் கூடாது. கரண்ட் பில் வந்தால் முதலில் பெட்டி முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் கட்டுவார். 'பேரை மாத்திடலாம் நைனா' என்று ரஞ்சித் ஒருமுறை சொன்னதற்கு, அவர் இரண்டு நாள் சோற்றில் கை வைக்கவில்லை.

மானியத்துக்கு விண்ணப்பம் போட்டது ஷோபனாதான். போனில் மின் இணைப்பு எண்ணைத் தட்டியதும் பூங்காவனம் என்ற பெயர் தானாக வந்து நின்றது. "மாமா, இந்தப் பேருலயே போட்டுடவா?" என்று கேட்டாள். "போடு. அவ பேருலதான் எல்லாம் நடக்கணும்" என்றார் மாமனார். கல்யாணமாகி ஒன்றரை வருஷமே ஆன பெண், வீட்டுச் சாமியின் பெயரில் தொடங்குவது நல்லதுதானே என்று போட்டுவிட்டாள்.

அளவெடுக்க வந்த அன்றைக்குத் தௌசீஃப் வாசலில் நின்று கேட்டான், "பூங்காவனம்மா இருக்காங்களா?" என்று. வீட்டு வழக்கப்படி தாண்டவராயன் தலையை ஆட்டினார். அந்த நேரம் பார்த்துக் குஞ்சம்மாள் டீ எடுத்துக்கொண்டு வந்தாள். அன்றிலிருந்து அவள் அவனுக்குப் பூங்காவனம்மா ஆகிவிட்டாள். அவன் கூப்பிடும்போதெல்லாம் அவளும் ஏன் எதற்கு என்று கேட்காமல் திரும்பிப் பார்த்தாள்.

*

ரஞ்சித் திண்டிவனம் போகிற தனியார் பஸ்ஸில் கண்டக்டர். ஷோபனா போன் போட்டபோது பஸ் ஸ்டாண்டில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தான்.

"இன்னாடி டென்ஷன் பண்ற? பேரு மாத்தணும்னு தௌசீஃப் முன்னாலயே சொல்ல வேண்டாமா?"

"அவரு அத்தையத்தான பூங்காவனம்னு நெனச்சிக்கினு இருக்காரு! செத்தவங்க பேருல விண்ணப்பம் போட்டிருக்கோம்னு தெரிஞ்சா இன்னா ஆவும்?"

"மெதுவாப் பேசு. நைனா காதுல வுழப் போவுது." பின்னால் விசில் சத்தம். "இந்தா, கேளு. பக்கத்துத் தெரு தங்கராஜ் அண்ணன் வூட்டுல செக்கிங் வந்தப்ப ஆதார்லாம் ஒண்ணும் கேக்கலியாம். போட்டோவும் கையெழுத்தும்தான். அம்மாவயே நின்னு போடச் சொல்லு. மொதல்ல இது ஆவட்டும். பேரு மாத்தறத அப்புறம் பாத்துக்கலாம்."

"பணம் யாரு அக்கவுண்ட்டுக்கு வரும்? பேங்க்ல பேரு ஒத்துப் போவணும்ல?"

"அதையும் அப்புறம் பாத்துக்கலாம். இன்னைக்கி கேன்சல் பண்ணா முடிஞ்சிபோச்சி. மாட்டுன பேனலுக்குப் புதுசா மானியம் கேக்க முடியாதுன்னு தௌசீஃப்தான் அன்னைக்கே சொன்னான். அம்மாவுக்கு நான் இன்னா பதில் சொல்றது? ரைட், ரைட்! வெச்சிடறன்."

போன் கட்டானது. ஷோபனா திரும்பினாள். அடுப்படி வாசலில் குஞ்சம்மாள் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. கையில் இருந்த கத்தரிக்காயை நறுக்காமல் அப்படியே வைத்திருந்தாள்.

"அவங்க கையெழுத்த நான் போடறதா ஷோபனா? கண்டுபுடிச்சா இன்னா பண்ணுவாங்க? போலீசா?"

"தெரியல அத்தை."

"மாடு வராதா?"

ஷோபனா அவள் கையிலிருந்த கத்தரிக்காயை வாங்கி வைத்தாள். தப்பு தன்னுடையது என்று ஷோபனாவுக்குத் தெரியும். பெயரைத் தட்டுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டும். இந்த மாமியார், பெற்ற மகளுக்குக் கட்டுவதுபோல் தன் தலைக்குப் பூக்கட்டி வைக்கிறவள். அவளுடைய மாடுகளைக் கைவிரலால் தட்டியே தொலைத்துவிட்டோமே என்று நினைத்தபோது அழுகை வந்தது.

*

தாண்டவராயன் நெல் கமிட்டியில், அதாவது ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில், எடை போடுகிறவர். பதினோரு மணிக்கு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் குதிப்பார், கத்துவார் என்று இரண்டு பெண்களும் பயந்திருந்தார்கள். அவர் குதிக்கவில்லை. நேரே பூவாடைக்காரி பெட்டி முன்னால் போய்க் கற்பூரம் ஏற்றினார். கண்ணை மூடி நின்றார்.

"உத்தரவு குடுத்துட்டா," என்றார். "குஞ்சு, நீயே போட்டுடு. அவ ஒண்ணும் கோச்சிக்க மாட்டா."

"நான் கோச்சிக்கிட்டா?" என்று கேட்டாள் குஞ்சம்மாள்.

இந்த மாதிரி ஒரு கேள்வியை அவள் கேட்டு யாரும் கேட்டதில்லை. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

தாண்டவராயன் துண்டை உதறித் தோளில் போட்டார். "உனக்கின்னா? உன் மாட்டுக்காகத்தான போடச் சொல்றது?"

சரியான பேச்சுதான். மறுத்துச் சொல்ல அதில் ஒன்றும் இல்லை. அதனால்தான் வலித்தது.

பிறகு நடந்ததைச் சொன்னால் சிரிப்பு வரும். இருபத்தெட்டு வருஷத்துக்கு முந்தின கனெக்‌ஷன் பாரத்தின் நகலைத் தாண்டவராயன் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்தார். அடியில் பூங்காவனத்தின் கையெழுத்து. எட்டாம் வகுப்பு படித்தவளின் உருண்டை எழுத்து. அதைப் பார்த்துப் பார்த்துக் குஞ்சம்மாள் எழுதிப் பழக வேண்டும் என்று முடிவானது. ஷோபனா காலண்டரில் போன மாதத்துத் தாள்களைக் கிழித்துக் கொடுத்தாள்.

"'கா'வ இன்னும் கொஞ்சம் வளைக்கணும் அத்தை."

"வளைச்சிக்கினுதான இருக்கறன்."

"கை நடுங்குது பாருங்க."

"நடுங்காம பின்ன? நான் இன்னா போலீஸ் ஸ்டேஷன்ல ரைட்டரா இருந்தனா?"

ஷோபனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குஞ்சம்மாளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே எழுதினாள். நாலு தாள் முடிந்தது. நாற்பது தடவை, ஐம்பது தடவை பூங்காவனம். கடைசி வரியில் கை நடுங்கவில்லை. அச்சு அசலாக வந்துவிட்டது.

தாண்டவராயன் எட்டிப் பார்த்தார். பார்த்தவர், அந்தக் காலண்டர் தாளைக் கையில் வாங்கினார். விரலால் அந்த எழுத்தைத் தடவினார். பிறகு அதை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஷோபனா மாமியாரின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது.

*

மூன்று மணி ஆனது. மேடம் வரவில்லை. மூன்றரைக்கும் வரவில்லை. சமைத்த சோறு மூடினபடியே இருந்தது. குஞ்சம்மாள் மாம்பழ நிறச் சேலை கட்டி, தலை வாரி, நாற்காலியில் உட்காராமல் தரையிலும் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தாள். தெருவில் ஜீப் சத்தம் கேட்கும்போதெல்லாம் தண்ணீர் குடித்தாள். ரஞ்சித் நடு நடுவே போன் போட்டு, "வந்தாங்களா? இன்னும் வரலியா?" என்று கேட்டு இருந்த கொஞ்ச நஞ்சத் தைரியத்தையும் கரைத்தான்.

நாலு மணிக்கு ஸ்கூட்டியில் வந்து இறங்கினார் உதவிப் பொறியாளர் ஜெயசுதா. நாற்பது வயதிருக்கும். வெயிலில் அலைந்து வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. பின்னாலேயே பைக்கில் தௌசீஃப்.

"மன்னிச்சிக்கங்கம்மா, ஒரு டிரான்ஸ்பார்மர் பிரச்சினை. லேட்டாயிடுச்சு," என்றார் மேடம். அவர் கடுகடு என்று இருந்திருந்தாலாவது குஞ்சம்மாளுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

வெளியே போயிருந்த தாண்டவராயனும் வந்துவிட, எல்லாரும் மாடி ஏறினார்கள். ராஜகிரி மலைப் பாறை எல்லாம் பகல் முழுக்க வாங்கின சூட்டை இப்போதுதான் விடத் தொடங்கியிருந்தது. மேடம் ஒவ்வொரு பேனலின் எண்ணையும் டேப்லெட்டில் சரிபார்த்தார். ஒயரை இழுத்துப் பார்த்தார். இடி தாங்கியைப் பார்த்தார். எர்த் குழி இரண்டும் இருக்கிறதா என்று மேலிருந்தே குனிந்து பார்த்தார்.

"வேலை நல்லா பண்ணியிருக்கீங்க தௌசீஃப்." பிறகு திரும்பினார். "பூங்காவனம்மா, கொஞ்சம் இந்தப் பக்கம் வந்து நில்லுங்க."

குஞ்சம்மாள் போய் நின்றாள். படம் பிடித்தாயிற்று. அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது.

மேடம் பாரத்தை அட்டையில் செருகி நீட்டினார். "இங்க ஒரு கையெழுத்து, கீழ ஒரு கையெழுத்து."

குஞ்சம்மாள் பேனாவை வாங்கினாள். கை நடுங்கவில்லை. அந்த நேரம் மேடம் சும்மா இருந்திருக்கலாம். வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு, மனசில் பட்டதைச் சொன்னார்.

"அந்தக் காலத்துலயே வீட்டையும் கனெக்‌ஷனையும் உங்க பேர்ல வாங்கியிருக்காரே உங்க வீட்டுக்காரர்! எங்க ரிக்கார்டுல பத்துக்கு ஒரு பொம்பளை பேரு இருந்தா பெருசு. குடுத்து வெச்சவங்கம்மா நீங்க."

"ஆமாங்க மேடம்," என்றார் தாண்டவராயன். அவர் குரல் கரகரத்தது. "அவளுக்குன்னு ஆசையாக் கட்டனது. ஒவ்வொரு செங்கல்லும் அவளுக்காவ வெச்சது. அவ ஒரு வார்த்த சொன்னான்னா நான் மலையக்கூடத் தூக்கிக்கினு வருவன்."

குஞ்சம்மாள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். இருபத்தைந்து வருஷத்தில் இந்த மனுஷன் இப்படி ஒரு வார்த்தை பேசி அவள் கேட்டதில்லை. 'சாப்டியா' என்று கேட்பார். உடம்புக்கு முடியவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவார். அடித்ததில்லை, வைததில்லை. நல்ல மனுஷன்தான். ஆனால் இந்தக் குரல் அவருக்கு உண்டு என்பதே அவளுக்குத் தெரியாது. தன்னைக் காட்டித்தான் பேசுகிறார், தன்னைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அவள் பேனாவை மூடினாள்.

"நான் பூங்காவனம் இல்லீங்க மேடம்."

"அத்தை!" என்றாள் ஷோபனா.

"நான் குஞ்சம்மா. ரெண்டாந்தாரம். பூங்காவனம் செத்துப்போயி இருபத்தாறு வருசம் ஆவுதுங்க."

அந்த வீட்டில் சொல்லக் கூடாத சொல் மொட்டை மாடியில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வந்துவிட்டது. தாண்டவராயன் அடி வாங்கியவர்போல் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். தௌசீஃப் ஒன்றும் புரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்.

மேடத்தின் முகம் மாறிப்போனது. "இன்னும் ரெண்டு நொடி விட்டிருந்தா கையெழுத்து போட்டிருப்பீங்க. நானும் சாட்சியா கையெழுத்து போட்டிருப்பேன். இது எவ்வளவு பெரிய தப்புன்னு தெரியுமா? உங்க மானியம் போறது இருக்கட்டும், என் வேலையே போயிருக்கும்."

"தப்பு என்னுதுங்க மேடம்," என்று அழுதாள் ஷோபனா. "நான்தான் பேரப் பாக்காம விண்ணப்பம் போட்டன். அத்தை மாட்ட வித்துப் போட்டதுங்க இது. மானியம் வந்தாத்தான் மாடு. கேன்சல் பண்ணிடாதீங்க."

மேடம் டேப்லெட்டில் இருந்த படத்தை அழித்தார். பாரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். காலிக் கொட்டகையை மேலிருந்து எட்டிப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை சாயந்திரம் வரைக்கும் இந்த ஃபைலை நிறுத்தி வைக்கிறேன். 'நுகர்வோர் வீட்டில் இல்லை'ன்னு எழுதறேன், அது பொய்யும் இல்ல. அதுக்குள்ள இறப்புச் சான்றிதழ் வெச்சுப் பேர் மாத்தக் குடுங்க. புருஷனும் மகனும் சம்மதம் எழுதிக் குடுத்தா வீட்டுல யார் பேருக்கு வேணும்னாலும் மாத்தலாம். வெள்ளிக்கிழமை தாண்டினா, தகுதியில்லைன்னு போட்டு அனுப்பறதைத் தவிர எனக்கு வழி இல்ல."

"அத்தை பேருக்கே மாத்திடலாம்," என்றாள் ஷோபனா அவசரமாக.

"சான்றிதழ் எடுங்க, இப்பவே ஒரு தடவை பாத்துடறேன்," என்றார் மேடம்.

தாண்டவராயன் மாடித் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இல்லீங்க."

"தொலைஞ்சு போச்சா? நகல் வாங்கிக்கலாம்."

"இல்லீங்க. பதியவே இல்ல. ஆசுபத்திரியிலேர்ந்து தூக்கியாந்தது... அவ செத்தான்னு எந்த ஆபீசுலயும் நான் எழுதிக் குடுக்கலீங்க. மனசு வரல."

மேடம் பெருமூச்சு விட்டார். "அப்போ சர்க்கார் கணக்குல அவங்க இன்னும் உயிரோடதான் இருக்காங்க."

அவர் அலுத்துப்போய்ச் சொன்ன வார்த்தை அது. ஆனால் அதைக் கேட்டதும் தாண்டவராயனின் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. ஒரு நொடிதான். குஞ்சம்மாள் அதைப் பார்த்துவிட்டாள்.

*

மேடம் போன பிறகு தௌசீஃப் போகவில்லை. அவனுக்கும் பயம். தலையில் கை வைத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாம்மா? இத்தினி நாளா உங்கள வேற பேரு சொல்லிக் கூப்ட்டுக்கினு இருந்திருக்கேனே."

"எனக்கும் ஒண்ணும் வித்தியாசம் தெரியல தம்பி," என்றாள் குஞ்சம்மாள். "இப்ப சொல்லு. இத்தினி வருசம் கழிச்சிப் பதியறதுன்னா இன்னா பண்ணணும்?"

"எங்க மாமா ஒருத்தருக்கு அலைஞ்சிருக்கன். வி.ஏ.ஓ.வப் பாக்கணும், அப்புறம் மேல ஆர்டர் வாங்கணும். செத்தவங்க கூடப்பொறந்தவங்க யாராச்சும் வந்து ஆமான்னு எழுதிக் குடுத்தா சீக்கிரம் நடக்கும். சான்றிதழ் கைக்கு வர நாளாவும். மனு குடுத்த ரசீதக் காட்டுனா மேடம் இன்னும் ரெண்டு வாரம் டயம் குடுப்பாங்க, கேட்டுப் பாக்கலாம். கூடப்பொறந்தவங்க யாராச்சும் இருக்காங்களா?"

தாண்டவராயன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கடைசியில் குஞ்சம்மாள்தான் சொன்னாள். "ஒரு அண்ணன் இருக்காரு. அனந்தபுரத்துல. பச்சைமுத்துன்னு."

"உரக்கடை பச்சைமுத்துவா? அவுரு நம்பர் என் போன்லயே இருக்குது. போன மாசம் அவுரு கடைக்கும் நான்தான் பேனல் போட்டன்."

பச்சைமுத்து இந்த வீட்டு வாசலை மிதித்து இருபத்தைந்து வருஷம் ஆகிறது. தங்கை செத்து வருஷம் திரும்புவதற்குள் தாண்டவராயன் மறுகல்யாணம் செய்துகொண்ட அன்றைக்கு, பந்தலுக்கு வெளியே நின்று மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனவர்.

"அவனாண்ட போவக் கூடாது," என்றார் தாண்டவராயன். அவ்வளவு நேரம் பேசாதவர், இப்போது எழுந்து நின்றார். "மானியமும் வேணாம், ஒண்ணும் வேணாம். வர்ற மாசத்துலேர்ந்து என் கூலியில சேத்து வெச்சி மாடு வாங்கித் தரன்."

"மாடு எப்ப வேணும்னாலும் வாங்கலாங்க."

"பின்ன இன்னாத்துக்கு இந்தப் புடிவாதம்? நீ அத எழுதி வாங்கனா அவ இந்த வூட்ட வுட்டே போயிடுவா. உனக்குத் தெரியாதா? நீதான வருசா வருசம் படைக்கற?"

குஞ்சம்மாள் கோபப்படவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை.

"அவங்க போவணும்னு நான் சொல்லல. சாவற வரைக்கும் நான் அவங்களுக்குச் சேல வெச்சிக்கினுதான் இருப்பன். அவங்க இருக்கட்டும். ஆனா இருபத்தஞ்சி வருசமா நான் இந்த வூட்டுக்கு இன்னும் வரவே இல்லீங்க. இன்னைக்கி மாடியிலதான் எனக்கே தெரிஞ்சிது."

தாண்டவராயன் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நம்பரப் போடு தம்பி," என்றாள் குஞ்சம்மாள்.

தௌசீஃப் தாண்டவராயனைப் பார்த்தான். ஷோபனாவைப் பார்த்தான். பிறகு எண்ணைத் தட்டி, ஸ்பீக்கரில் போட்டு, போனைக் குஞ்சம்மாளின் கையில் கொடுத்தான். மணி அடித்தது. எடுக்க மாட்டாரோ என்று பயம். எடுத்துவிடுவாரோ என்று அதைவிடப் பயம். ஷோபனா மாமியாரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அலோ, யாரு?"

"நான் செஞ்சிலேர்ந்து பேசறங்க. குஞ்சம்மா."

அந்தப் பக்கம் யாரோ மூட்டை இறக்குகிற சத்தம். பிறகு அதே குரல், யோசிக்கிற குரல்.

"குஞ்சம்மாவா? எந்தக் குஞ்சம்மா?"

ஊரில் யார் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பாள், தாண்டவராயன் சம்சாரம் என்று. இன்றைக்கு அது வாய்க்கு வரவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த புருஷனின் முகத்தைப் பார்த்தாள். நீங்களே சொல்லுங்களேன் என்று அவள் கண்கள் கெஞ்சின. ஒரு வார்த்தை போதும். அவர் காதில் விழாத மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்.

"சொல்லும்மா," என்றது போன். "எந்தக் குஞ்சம்மா?"